450 ரூபாய் கிளிப் லென்ஸும் அம்மாவின் சுங்குடிச் சேலையும்

மதுரை டவுன்ஹால் ரோட்டில் 450 ரூபாய்க்கு வாங்கினேன், சின்னப் பொருளை நெருங்கிப் பெரிதாக எடுக்க, போனில் மாட்டுகிற மேக்ரோ லென்ஸ். மூன்று மாதமாகிறது. பெட்டியில் 15எக்ஸ், அதாவது 15 மடங்கு பெரிதாக்கும் என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம், ஆனால் கண்ணாடி மோசமில்லை. படத்தின் நடுவில் நல்ல தெளிவு, ஓரமெல்லாம் மங்கல். வீட்டுச் சாமானை இன்னதென்றே தெரியாதபடி நெருங்கி எடுக்கிறவனுக்கு அந்த மங்கலும் லாபம்தான்.

கிளிப்தான் தலைவலி. பத்தே நாளில் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, "கிளிப்புக்கெல்லாம் வாரண்டி இல்ல தம்பி" என்று கடைக்காரர் முடித்துக்கொண்டார், இப்போது ரப்பர்பேண்ட் போட்டு ஓடுகிறது. அப்புறம், பல கேமரா உள்ள போன் சில நேரம் பக்கத்தில் போனதும் தானாக வேறு கேமராவுக்குத் தாவிவிடும், எல்லாவற்றையும் நாமே அமைக்கிற புரோ மோடில் மெயின் கேமராவைப் பிடித்துவைக்க வேண்டும்.

பொருளுக்கும் லென்ஸுக்கும் நடுவே இரண்டு விரல் அகலம்தான் இடம். ஃபோகஸுக்குத் திரையைத் தட்டிக்கொண்டிருப்பதைவிட போனையே துளித்துளியாக நகர்த்துவது மேல், மூச்சு விட்டால் போச்சு. எவர்சில்வர் டம்ளரில் என் மூக்குதான் முதலில் விழுந்தது. மொட்டைமாடி வெயில் வேண்டவே வேண்டாம், ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டால் வெளிச்சம் பதமாக இறங்கும்.

1930-ல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த படம் பிரசித்தம். அந்தத் தைரியத்தில் எங்கள் எண்ணெய்ப் புனலுக்குள் ஒரு பூண்டுப் பல்லை வைத்தேன், யானைத் தந்தம் மாதிரி வந்தது. அம்மி கொத்திய தழும்பை எடுத்துக் காட்டினால் அப்பத்தா, "வைகைல தண்ணி இல்லாதப்ப எடுத்ததா?" என்கிறார்.

ஆனால் காசு வசூலானது சுங்குடியில்தான். புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர்ச் சேலை, ஒவ்வொரு புள்ளியும் நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவது. அதனால் நெருங்கிப் பார்த்தால் ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது, ஓரத்தில் சாயம் கசிந்து, சின்னச் சுருக்கத்தோடு நட்சத்திரம் மாதிரி தெரியும். அப்பத்தாவின் பழைய சேலையில் அப்படித்தான் இருந்தது. அம்மாவுக்கு அத்தை "கைமுடிச்சு, அசல்" என்று எடுத்துக்கொடுத்த சேலையில் எல்லாப் புள்ளியும் ஒரே அச்சு, காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி வட்டம். பிரிண்ட்.

அம்மா இரண்டு படத்தையும் மாறிமாறிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இத அத்தைட்ட காட்டிராதடா" என்றார்.