பெயரற்றவர்களின் பதிவேடு: ‘நேமஸ்’ தரவுத்தளம் பற்றிய மதிப்பீடு

1968 மே மாதம் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஜார்ஜ்டவுன் ஊருக்கு அருகே, கூடாரத் துணி போன்ற ஒன்றில் சுற்றப்பட்டிருந்த ஓர் இளம்பெண்ணின் உடல் கண்டெடுக்கப்பட்டு, பெயரில்லாமலே புதைக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், துப்பறியும் பயிற்சி ஏதுமற்ற டாட் மேத்யூஸ் என்பவர், தொலைந்த சகோதரியைத் தேடி ஒரு பெண் இணையத்தில் இட்டிருந்த குறிப்பைக் கண்டதாலேயே, 1998இல் மரபணுச் சோதனை வழியாக அந்த இறந்த பெண்ணுக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது.

அத்தகைய தேடலில் ஈடுபடும் ஆர்வலர்களுக்கு, அமெரிக்க நீதி அமைச்சகத்தின் நிதியில் இயங்கும் நேமஸ் (NamUs) இணையத்தளத்தையே நான் முதலில் பரிந்துரைப்பேன். கட்டணம் கிடையாது. காணாமற்போனோர், அடையாளம் தெரியாத உடல்கள் ஆகிய இரு பதிவேடுகளும் 2009இல் இணைக்கப்பட்டுவிட்டதால், உயரம், வயது, தழும்பு, உடை, கடைசியாகக் காணப்பட்ட இடம் ஆகியவற்றை எதிரெதிரே வைத்து ஒப்பிட முடிகிறது.

எனக்கு மிகவும் பயன்பட்டது, ஓர் உடல் இன்னின்னாருடையது அல்ல என ஏற்கெனவே முடிவான பெயர்களின் பட்டியல்தான். புகைப்படத்தில் மூக்கு ஒத்திருக்கிறது என்பதற்காகவே காவல் துறைக்குக் கடிதம் எழுதத் துடிப்பவர்களுக்கு (நானும் அவர்களில் ஒருவன்) இதைவிட நல்ல கடிவாளம் இல்லை.

குறையும் உண்டு. விவரங்களை இங்கே பதிவது எல்லா மாநிலங்களிலும் சட்டப்படி கட்டாயமில்லை என்பதால், இங்கே ஒருவர் பெயர் இல்லையென்றால் அவர் காணாமற்போகவில்லை என்று பொருள்கொள்ள முடியாது.