தண்ணீர் வேகம் குறைந்தது என்று ஆளைக் கூப்பிட்டேன், 9,50,000 கியாட் போய்விட்டது

யாங்கோன் பக்கம் சொந்தக் கிணறும் மோட்டாரும் வைத்திருக்கிற நம்ம ஆட்கள் எல்லாரும் இதைப் படியுங்கள். ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 9,50,000 கியாட். என் வீட்டுக்காரர் மலேசியாவில் வேலை செய்து அனுப்பியது, மகள் படிப்புக்கு என்று தொடாமல் வைத்திருந்த பணம்.

எங்கள் வீடு யாங்கோனிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி, தன்லினில். தெருவில் குழாய்த் தண்ணீர் கிடையாது, ஆழ்குழாய்க் கிணறுதான். கிணற்றுக்குள் மோட்டார், மேலே காற்றழுத்தத்தால் தண்ணீரைத் தள்ளுகிற பிரஷர் டேங்க், அதற்கு அடுத்து பில்டர், அப்புறம் வீட்டுக்குள் குழாய்கள். வெயில் காலம் பிறந்ததும் குளியலறையில் தண்ணீர் நூலாக வர ஆரம்பித்தது. மோட்டார் வேறு சில நொடிக்கு ஒரு தடவை 'டக்'கென்று ஓடும், நிற்கும், மறுபடி ஓடும்.

வீட்டு ரிப்பேருக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஆன்லைன் சேவையில் பதிவு செய்தேன். பெயரைப் போடவில்லை. என் வீட்டு விலாசமும் போன் நம்பரும் அவர்கள் கையில் இருக்கிறது.

வந்த பையன் தமிழ்ப் பையன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, "அக்கா, முதல்ல அம்மாவுக்குக் குடிக்கத் தண்ணி இருக்கா பாருங்க, வேலை அப்புறம்" என்றான். என் மாமியாரைத்தான் அம்மா என்கிறான். தேநீர் கொடுத்தேன், கோயில் திருவிழாவைப் பற்றியெல்லாம் மாமியாரோடு பேசினான். இப்படி ஒரு பிள்ளையைச் சந்தேகப்பட யாருக்கு மனசு வரும்? அப்புறம் பிரஷர் மீட்டரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினான். "கிணத்துல மட்டம் இறங்கிடுச்சுக்கா. இந்த மோட்டார் இழுக்காது. பெரிசு போட்டு, பைப்பும் கூட்டி ஆழமா இறக்கணும். திஞ்சான் தண்ணித் திருவிழாவுக்கு முன்னாடி செய்யலேன்னா ஒரு சொட்டு வராது."

பில்டரைத் திறக்கவில்லை. டேங்கில் காற்று பார்க்கவில்லை. மின்சாரம் எத்தனை வோல்ட் வருகிறது என்றுகூடப் பார்க்கவில்லை. மீட்டரை ஒரு தட்டு, அவ்வளவுதான் சோதனை. முன்பணம் 5,00,000 போனிலேயே அனுப்பினேன். வேலை முடிந்ததும் மீதி 4,50,000.

மோட்டாரை மாற்றிவிட்டுக் குழாயைத் திறந்து காட்டினான். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மாமியார் அவன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. மறுநாள் தண்ணீர் துருச் சிவப்பாக வந்து, மகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை பழுப்பாகிவிட்டது. போன் செய்தால், "பில்டர் பக்கத்துல ஒரு வால்வு இருக்கும், அதைத் திருப்பி விடுங்கக்கா" என்றான். திருப்பினேன். சிவப்பு நின்றது, தண்ணீரும் பழையபடி நூலாகிவிட்டது. பில்டருக்குள் போகாமல் சுற்றி விட்டுத்தான் எனக்கு அந்த வேகத்தைக் காட்டியிருக்கிறான். அடைப்பு எங்கே என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் 9,50,000 வாங்கினான்.

அதற்கப்புறம் அவன் போனை எடுக்கவே இல்லை. அலுவலகத்துக்குப் பேசினால் ஒரு பெண் பர்மியில், "சயா (சார்) வெளியே போயிருக்கார்" என்பாள். இன்னொரு நாள் கரண்ட் கோளாறு என்றார்கள். இன்னொரு நாள், பாலம் தாண்டி வர வேண்டும், வண்டிக் கூலி தனி என்றார்கள். பில் கேட்டேன், "சயா வந்ததும்" என்றார்கள். கழற்றி எடுத்துப்போன பழைய மோட்டாரைக் கேட்டேன், "அது பழைய இரும்பு" என்றார்கள். ஓடிக்கொண்டிருந்த மோட்டார் அது! கடைசியில் வைபரில் அனுப்பியதைப் படித்துவிட்டுப் பதிலே போடுவதில்லை.

எங்கள் தெருவில் முன்பு பம்ப் வேலை பார்த்த ஒரு மாமா இருக்கிறார். அவரைக் கூட்டிவந்தேன். மெயினை அணைத்துவிட்டு முதலில் பில்டரைத்தான் கழற்றினார். உள்ளே தண்ணீரை வடிகட்டுகிற வெள்ளைக் குச்சி முழுக்கச் சிவப்புச் சேறு, விரலால் வழித்தால் கொழகொழவென்று வந்தது. இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் இரும்பு அதிகம், அது படிந்து அடைத்துவிடும் என்றார். அப்புறம் டேங்கில் இருந்த தண்ணீரை எல்லாம் வடித்துவிட்டு, சைக்கிள் டியூபுக்கு இருப்பது போன்ற அந்த வால்வின் ஊசியை அழுத்தினார். காற்றே வரவில்லை. தண்ணீரும் வரவில்லை. தண்ணீர் வந்திருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் பை கிழிந்திருக்கும், டேங்கையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார். எங்கள் பிரஷர் சுவிட்ச் அழுத்தம் 30 பி.எஸ்.ஐ.க்கு இறங்கினால் மோட்டாரை ஓடவிட்டு 50-இல் நிறுத்தும் வகை, அதற்கு டேங்கில் 28 பி.எஸ்.ஐ. காற்று வேண்டும் என்று கைப்பம்பால் அடித்து ஏற்றினார். புதுக் குச்சி போட்டார். தண்ணீர் வந்துவிட்டது, மோட்டார் டக்டக்கும் நின்றுவிட்டது. காற்றில்லாத டேங்கோடு பெரிய மோட்டார் வைத்தால் இன்னும் சீக்கிரமே ஓடி ஓடி நிற்கும், கருகிப் போகும் என்று திட்டிவிட்டுப் போனார். காசு வாங்க மாட்டேன் என்றார், குச்சிக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். இதற்குத்தான் நான் 9,50,000 கொடுத்திருக்கிறேன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். பில்டருக்கு முன்னால் ஒரு குழாய் இருந்தால் அதைத் திறந்து பாருங்கள். அங்கே வேகமாக வந்து வீட்டுக்குள் வராவிட்டால் மோட்டார்மேல் பழி இல்லை. கரண்ட் வந்த உடனே தெருவே மோட்டார் போடும், வோல்ட் இறங்கும், அந்த நேரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கிணறு வற்றிவிட்டது என்று யார் சொன்னாலும், அளந்து காட்டச் சொல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பில் இல்லாமல் முன்பணம் வேண்டாம். கழற்றிய மோட்டாரை வாசல் தாண்ட விடாதீர்கள்.

இதே மாதிரி சேவையில் வேறு யாராவது பணம் கொடுத்திருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து போய்க் கேட்போம்.