பழைய டீசல் கார்: ஸ்விஃப்டா, எலைட் ஐ20-யா?

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புதிய புகை விதி வந்ததும் மாருதி டீசல் காரையே நிறுத்திவிட்டது. ஆக, டீசல் ஸ்விஃப்ட் வேண்டுமென்றால் செகண்ட் ஹேண்ட்தான். அதற்கு நேர் போட்டி, 2014-இல் வந்த ஹூண்டாயின் எலைட் ஐ20.

புதிதாக விற்றபோது ஐ20-இன் விலை நன்றாகவே கூடுதல். ஆனால் ஸ்விஃப்டுக்கு மறுவிற்பனை மவுசு அதிகம் என்பதால், பழைய வண்டிச் சந்தையில் அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. ஐ20 வாங்குபவருக்குத்தான் இது லாபம்.

உள்ளே உட்கார்ந்தால் வித்தியாசம் உடனே தெரியும். 2011-இல் வந்த ஸ்விஃப்டில் எங்கும் கறுப்பு. பின்சீட்டில் முழங்கால் இடிக்கும், ஜன்னலும் சின்னது. டிக்கி சுமார் 205 லிட்டர்தான். ஐ20-இல் 285. மேல் வேரியண்டுகளில் பின்சீட்டுக்குத் தனி ஏசி வென்ட்டும் உண்டு, நம் ஊர் வெயிலுக்கு அது பெரிய விஷயம். ஒன்று மட்டும்: ஐ20-இன் வெளிர் நிற உள்பாகம் சீக்கிரம் அழுக்காகும். டிரைவர் பக்கக் கதவின் கைப்பிடியையும் சீட் ஓரத்தையும் பாருங்கள். ஓடோமீட்டர் குறைவாகக் காட்டி, அவை தேய்ந்து பளபளத்தால் சந்தேகப்படுங்கள்.

இன்ஜின்? ஸ்விஃப்டில் 1.3 லிட்டர், 5 கியர், ஐ20-இல் 1.4 லிட்டர், 6 கியர். இரண்டும் உழைக்கும்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு என் ஓட்டு ஐ20-க்கே. தனியாக தினமும் நெடுந்தூரம் ஓடுபவர், எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைக்கும் ஸ்விஃப்டையே எடுக்கலாம்.