வைட்டமின் டி சோதனை: எந்தச் சீரத்தை வைத்து மெஷினைச் சரிபார்ப்பது?

கும்பகோணத்தில் ஒரு லேப் 18 என்கிறது, அதே ரத்தத்துக்கு மயிலாடுதுறை லேப் 24 என்கிறது என்று வையுங்கள். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம்தான் எல்லை என்றால், ஒரு ரிப்போர்ட்டில் குறைபாடு, இன்னொன்றில் இல்லை. நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதக் கருவி 17-ஐ ஒட்டிக் காட்டும்போது வருகிற அதே தகராறு. தீர்க்க வேண்டுமானால், அளவு உறுதியாகத் தெரிந்த ஒரு பொருளை மெஷினுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். எந்தப் பொருள் என்பதில்தான் போட்டி.

எத்தனாலில் கரைத்த சுத்தமான 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி (ரத்தத்தில் லேப் அளக்கிற வடிவம்) ஒன்று. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் விற்கும் ஒப்பீட்டுப் பொருள்களில் (எஸ்ஆர்எம்) 2972 இந்த வகை. மூலக்கூறை எடையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு அருமை. நம் பக்கத்துச் சின்ன லேப்களில் இருக்கும் சிஎல்ஐஏ மெஷினுக்கு (ஆன்டிபாடியைக் கொண்டு அளக்கும் இம்யூனோஅசே வகை) உதவாது. ரத்தத்தில் வைட்டமின் டி ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரிக்கிற இடத்தில்தான் இந்த மெஷின்கள் சறுக்கும். கரைசலில் புரதமே இல்லை, அப்புறம் எதைச் சோதிப்பது?

சரி, சீரத்தையே (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) எடுத்து அளவை மாற்றினால்? 2009-இல் வந்த எஸ்ஆர்எம் 972 அப்படித்தான். நான்கு குப்பிகளில் ஒன்றில் குதிரைச் சீரம் கலந்து அளவைக் குறைத்தார்கள். ஒன்றில் டி2 வகை, இன்னொன்றில் 3-எபி (அணு அமைப்பு சற்றே மாறிய வடிவம்) சேர்த்தார்கள். 3-எபியைத் தனியாகப் பிரித்தறியும் மாஸ் ஸ்பெக்கில் பிரச்சினை இல்லை. இம்யூனோஅசே மெஷின்கள்தான் தடுமாறின. நோயாளி ரத்தத்தை ஒழுங்காக அளக்கிற மெஷின்கூட இதில் தப்பு செய்வதாகத் தெரியும். (டி2 குப்பியால் நமக்கு லாபம் குறைவு; இங்கே டாக்டர்கள் எழுதுவது பெரும்பாலும் 60,000 யூனிட் டி3 பாக்கெட்தான். 3-எபி அப்படியல்ல, கைக்குழந்தைகளின் ரத்தத்தில் அது கூடுதலாக இருக்கும்.)

என் ஓட்டு, மனித ரத்தத்தில் தானாக இருக்கும் அளவையே நம்பும் உறைந்த சீரத்துக்கு. 972-க்குப் பின் வந்த 972ஏ பெரும்பாலும் இந்த வழிக்குத் திரும்பியது. ஆனால் விலையும் அதிகம், ஆழ்ந்த குளிரும் வேண்டும். கோடையில் கரண்ட் போனால் திருவாரூர் லேபில் அதைக் காப்பது பெரிய பாடு.

அதனால் சின்ன லேப் அதை நேராக வாங்க வேண்டியதில்லை. கிட்டோடு வரும் தாளில், அதன் கலிப்ரேட்டர் (மெஷினின் அளவைச் சரிசெய்யும் மாதிரி) நிஸ்ட் அல்லது பெல்ஜியத்தின் கென்ட் (Ghent) பல்கலைக்கழகத்தின் மாஸ் ஸ்பெக் முறையோடு இணைக்கப்பட்டதா என்று பார்த்து வாங்கலாம். இல்லையென்றால் நோயாளிகளின் சில மாதிரிகளைப் பிரித்து, மாஸ் ஸ்பெக் உள்ள லேபுக்கு ஐஸ் பெட்டியில் அனுப்பி ஒப்பிடலாம்.