திருவொற்றியூர் உப்புக்காற்றில் ஒரு ஐ3 கம்ப்யூட்டர்

2018-இல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் இது. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் எங்கள் ஜெராக்ஸ், டிடிபி கடையில் அன்றிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இன்டெல் ஐ3-8100, எச்310 சிப்செட் போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், 450 வாட் எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் பெட்டி. வாங்கும்போது ஆளாளுக்குப் பேசியது பிராசஸரைப் பற்றித்தான். ஐ3 போதுமா, கொஞ்சம் பணம் சேர்த்து ஐ5 போடலாமா என்று ஒரே விவாதம். அந்தப் பிராசஸர் இன்றுவரை ஒருமுறைகூட மக்கர் பண்ணவில்லை. படுத்தியெடுத்ததெல்லாம் போர்ட்டுகளும் பின்களும்தான். கடலோரத்தில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த அனுபவம் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் யூஎஸ்பி. எங்கள் தொழிலே பென்டிரைவைச் செருகுவதும் பிடுங்குவதும்தான். ரெசுமே, காலேஜ் புராஜெக்ட், விசைப்படகுச் சங்கத்து நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில்தான் வரும். சாதாரண டைப்-ஏ போர்ட்டுக்குத் தரநிலையில் சொல்லியிருக்கும் குறைந்தபட்ச ஆயுள் 1500 முறை செருகி எடுப்பது. வீட்டில் அது பல வருடம் வரும். ஜெராக்ஸ் கடையில் புராஜெக்ட் சீசன் ஒன்றைத் தாண்டினாலே பெரிய விஷயம். போர்ட்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு ஆட ஆரம்பிக்கும், அதன்மேல் இருக்கும் மெல்லிய தகடுகள் அமுங்கிப்போகும். "அண்ணா, வீட்ல எடுக்குது, இங்கதான் எடுக்க மாட்டேங்குது" என்பார்கள். பென்டிரைவை லேசாக மேலே தூக்கிப் பிடித்தால் எடுக்கும், கையை விட்டால் போய்விடும். பாதி காப்பி ஆகும்போது போனால் அந்த ஃபைலும் சேர்ந்து போகும். அப்புறம் பழி நம்மேல்.

முன்பக்க போர்ட்டும் பின்பக்க போர்ட்டும் ஒன்றல்ல. முன்பக்கத்தில் இருப்பவை மதர்போர்டில் பற்றவைத்தவை இல்லை. கேபினெட்டுக்குள் ஒரு குட்டி போர்டில் இருக்கும், அதிலிருந்து வரும் ஒயர் மதர்போர்டில் போய்ச் செருகியிருக்கும். யூஎஸ்பி 2.0 என்றால் 9 பின், 3.0 என்றால் 19 பின். இந்தக் குட்டி போர்டு கெட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தேரடியில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடை தூரம்தான், அங்கே சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும். 19 பின் ஒயரைக் கழற்றும்போது மட்டும் கை நிதானமாக இருக்கட்டும். நேராக இழுக்காமல் ஆட்டி ஆட்டி இழுத்தால் பின் வளையும். பின்பக்க போர்ட்டுகள் போர்டிலேயே சால்டர் செய்தவை. அவை போனால் செலவு வேறு மாதிரி. அதனால் பின்னால் இருக்கும் நீல போர்ட் ஒன்றில் சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயர் மாட்டி, அதன் முனையை மேசை ஓரத்தில் கட்டிவிட்டேன். வருகிற பென்டிரைவ் எல்லாம் அதில்தான். தேய்வது ஒயர்தான். தேய்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டிக்கொள்வேன்.

அடுத்தது காற்று. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஓய்வதே இல்லை. வேறு ஊரில் கம்ப்யூட்டருக்குள் சேரும் தூசி காய்ந்த தூசி, பிளோயர் வைத்து ஊதினால் பறந்துவிடும். இங்கே உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் தூசி அப்பிக்கொள்கிறது. பிராசஸர் ஃபேனுக்கு அடியில் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கறுப்புக் கம்பளி மாதிரி படிந்திருக்கும். பெயின்ட் பிரஷ் வைத்துச் சுரண்டி எடுத்த பிறகுதான் ஊதவே முடியும். துரு முதலில் தெரிவது கேபினெட்டின் பின்பக்கத் தகட்டில். விஜிஏ போர்ட்டின் இரண்டு பக்கமும் இருக்கும் திருகு நட்டில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் ரேம் பிரச்சினை வரும். பவர் போட்டால் ஃபேன் சுற்றும், மானிட்டரில் ஒன்றும் வராது. மதர்போர்டே போய்விட்டது என்று பயமுறுத்த ஆள் இருப்பார்கள், நம்பாதீர்கள். டிடிஆர்4 ரேமில் 288 தொடுமுனைகள் இருக்கின்றன. அவற்றின்மேல் பூசியிருக்கும் தங்கம் மிக மெல்லியது, உப்பு ஈரத்தில் அழுக்குப் படிந்தால் தொடர்பு விட்டுப்போகும். ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சர்வீஸ் தம்பிகள் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள். வேலை நடக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தங்கமும் சேர்ந்து போகும். நான் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்கிறேன்.

எர்த்திங் பற்றிச் சொல்லாமல் முடியாது. கேபினெட்டில் புறங்கை பட்டால் சுர்ரென்று இருந்தது, டெஸ்டர் வைத்தால் அதன் விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. எஸ்எம்பிஎஸ் உள்ளே மின் இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்கள் கேபினெட்டோடு சேர்த்துத்தான் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதி, அதாவது 115 வோல்ட் அளவுக்குக் கேபினெட்டில் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் பிரின்டரையோ மானிட்டரையோ செருகும் நொடியில் அது போர்ட் வழியாகப் பாயப் பார்க்கும். பழைய கட்டடம், மண்ணிலும் உப்பு, எர்த் பைப் அரித்துப்போயிருந்தது. எலெக்ட்ரீஷியன் புதுக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுப் பைப் இறக்கினார். அன்றோடு சுர்ரும் நின்றது, பிரின்டர் அடிக்கடி தொடர்பு அறுவதும் நின்றது.

ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டி போட்ட கதை சின்னது. போர்டிலேயே எம்.2 ஸ்லாட் இருக்கிறதே, என்விஎம்இ என்ற அதிவேக எஸ்எஸ்டியைச் செருகுங்கள் என்றார்கள். எச்310 சிப்செட் தருவது பிசிஐஇ 2.0 என்ற பழைய, மெதுவான இணைப்பு மட்டும்தான், டப்பாவில் அச்சிட்ட வேகம் அதில் வரவே வராது. அதனால் கேபிளில் இணைக்கும் சாட்டா வகை எஸ்எஸ்டி போட்டேன். டிடிபி வேலைக்கு அதுவே தாராளம். சாட்டா கேபிளை மட்டும் இரும்பு கிளிப் வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

கடைக்காரர்களுக்கு மட்டும் வரும் தொல்லை ஒன்று உண்டு. இரவில் மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தானே போகிறோம்? பிளக்கில் கரண்ட் இல்லாத நேரமெல்லாம் மதர்போர்டின் கடிகாரத்தை ஓட்டுவது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி. வீட்டைவிடக் கடையில் அது சீக்கிரம் தீரும். தீர்ந்தால் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும். உடனே பிரவுசர் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று சொல்லும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்று வாசலில் கூட்டம் நிற்கும்போதுதான் இது நடக்கும். பேட்டரி விலை ஒன்றும் பெரிதில்லை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாமே மாற்றிவிடலாம். மாற்றியதும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் நாம் செய்த அமைப்புகள் பழையபடி ஆகியிருக்கும். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றதால் 11-க்கு மாறியிருப்பவர்கள், விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான டிபிஎம் ஆன் ஆகியிருக்கிறதா என்று பயாஸ் உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள். இன்டெல் போர்டில் அது பிடிடி என்ற பெயரில் இருக்கும்.

இப்போது பாதிப் பேர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவதால் போர்ட்டுகளுக்குக் கொஞ்சம் ஓய்வு. புதிதாக வாங்குவதாக இருந்தால் ஐ3-யோடு நிறுத்திக்கொண்டு, மிச்சப் பணத்தை நல்ல எஸ்எம்பிஎஸ்ஸிலும், பின்பக்கம் யூஎஸ்பி போர்ட் நிறைய இருக்கும் போர்டிலும் போடுவேன். டைப்-சி ஒன்றாவது இருக்க வேண்டும். அதன் ஆயுள் 10,000 முறை என்கிறது தரநிலை. எங்கள் கடை அதை எத்தனை நாள் விட்டுவைக்கும் என்று பார்க்கலாம்.