ஏலகிரியா, ஏற்காடா, கல்வராயனா: கடலூரிலிருந்து ஓரிரவு மலைநடை

பொங்கல் முடிந்து இரண்டாவது சனிக்கிழமை நாங்கள் மூன்று பேர் ஏலகிரி போனோம். நான், அக்கா, அக்கா மகன். ஓர் இரவு தங்கி, ஞாயிறு காலை அங்குள்ள சுவாமிமலை உச்சி வரை ஏறி இறங்கி, அன்று ராத்திரியே கடலூர் திரும்பிவிட்டோம். அதற்கு முன் மூன்று வாரம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. பையன் ஏற்காடு என்றான். "பக்கத்துல கல்வராயன் மலை இருக்க, எதுக்கு அவ்ளோ தூரம்?" என்றார் அத்தான். நான் ஏலகிரி பக்கம் நின்றேன். போய்வந்த பிறகும் அந்தப் பக்கம்தான் நிற்கிறேன். ஏன் என்று விளக்கமாக எழுதத் தோன்றியது, ஏனென்றால் இதே மூன்று மலைகளை வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் நிறைய.

எங்கள் நிபந்தனைகள் இவை. சனி விடியலில் கிளம்ப வேண்டும், ஞாயிறு இரவு வீட்டில் இருக்க வேண்டும். சொந்த வண்டி இல்லை, பேருந்துதான். கூடாரம் எல்லாம் வேண்டாம், கட்டிலில் படுக்க வேண்டும். அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது, வலது முழங்காலில் வலி உண்டு. கடலோரத்துக்காரர்களான எங்கள் கால்கள் பழகிய ஏற்றம் எவ்வளவு? கேப்பர் மலை மேடு, திருவந்திபுரத்தில் ஹயக்ரீவர் சன்னிதிக்குப் போகிற எழுபத்துச் சொச்சம் படிகள், அவ்வளவுதான். சில்வர் பீச்சில் தினம் ஒரு மணி நேரம் நடக்கிறவருக்குக்கூட சரிவில் இருபது நிமிடம் ஏறினால் மூச்சு வேறு மாதிரி வாங்கும்.

குளிர் விஷயத்தில் ஏற்காடுதான் முதலிடம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஏழு டிகிரி குறையும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர், ஏலகிரி மேல்தளம் 1,100 மீட்டர் அளவு. கல்வராயனில் வெள்ளிமலை, கரியாலூர் பகுதிகள் இரண்டையும்விடத் தாழ்வு. மலைப்பாதை என்று பார்த்தால் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஏலகிரிக்குப் பதினான்கு. ஏலகிரி வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களை வைத்திருக்கிறார்கள். திருவள்ளுவர், கம்பர், கபிலர், பாரி என்று பலகைகளைப் படித்துக்கொண்டே போனதில் அக்காவுக்கு வழக்கமாக வரும் குமட்டல் வரவில்லை. சாப்பாடு மூன்று இடத்திலும் நம் சாப்பாடுதான்.

பயண நேரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஏற்காட்டுக்கு நெய்வேலி, விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலம் போய், அங்கே மலைப் பேருந்து மாற வேண்டும். அந்தத் தடத்தில் ரயிலும் உண்டு. ஏலகிரிக்குக் கடலூர்-சித்தூர் சாலையில் பண்ருட்டி, திருக்கோவிலூர் தாண்டித் திருவண்ணாமலை. அங்கிருந்து செங்கம் வழியாகத் திருப்பத்தூர். பிறகு பொன்னேரியில் அடிவாரம் தொட்டு மேலே அத்தனாவூர். புதுச்சேரிக்காரர்கள் திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலையில் சேர்ந்துகொள்ளலாம். எதற்குப் போனாலும் போக ஏழு மணி நேரம், வர ஏழு மணி நேரம் என்று எடுத்துவைத்துவிடுங்கள். கல்வராயன் மட்டும் கிட்டே. கள்ளக்குறிச்சி போய், கச்சிராயபாளையம் வழியாக ஏறிவிடலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். என் முடிவு முழுவதும் அதன்மேல்தான் நின்றது. படுக்கிற இடத்துக்கும் பாதை தொடங்குகிற இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். சனி காலை ஐந்து மணிக்குக் கிளம்பி ஞாயிறு இரவு எட்டு மணிக்குத் திரும்பினால் மொத்தம் முப்பத்தொன்பது மணி நேரம். பேருந்தில் பதினான்கு போகும், தூக்கத்தில் எட்டு. மீதியில் சாப்பாடு, குளியல், காத்திருப்பு. மலையில் நடக்க நிஜமாகவே நல்ல பொழுது என்று கிடைப்பது ஞாயிறு காலை ஆறரை முதல் பத்தரை வரை, நான்கே மணி நேரம். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிச் சமவெளியில் புழுதியும் புகையும் சேர்ந்து தூரத்து மலைகள் மங்கிவிடும். அந்த நான்கு மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை வண்டிக்குக் காத்திருந்து தொலைத்தால், ஏழெட்டு மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து வந்ததற்கு அர்த்தம் இல்லாமல் போகும்.

இதை நான் ஏற்காட்டில் அனுபவித்தேன். இரண்டு வருடங்களுக்கு முன் நண்பர்களோடு போனோம். அறை ஏரியிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி, காப்பித் தோட்டத்துக்குள். இடம் அருமை. மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்கள், நடுவில் காப்பிச் செடி. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் கொண்டுவந்து வைத்த பயிர் இன்றும் அந்த மலையைத் தாங்குகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் காலை ஆறு மணிக்கு வருவதாகச் சொன்ன வண்டி வந்தது எட்டே முக்காலுக்கு. சேர்வராயன் கோயில் பக்கம் போய்ச் சேர்வதற்குள் பனி விலகி, வெயில் வந்து, எங்களுக்கு முன்பே முப்பது நாற்பது வண்டிகளும் வந்துவிட்டன.

ஏற்காட்டில் எனக்குள்ள பெரிய குறை இதுதான். அங்கே உச்சி என்றால் சேர்வராயன், 1,600 மீட்டருக்கு மேல். ஆனால் அது வரைக்கும் தார்ச்சாலை போகிறது. நீங்கள் ஏரிக்கரையிலிருந்து நடந்தே போனாலும் ஹாரன் சத்தத்துக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் போக வேண்டும். பகோடா பாயின்ட், லேடீஸ் சீட் இரண்டும் அப்படித்தான். காட்சி அழகு, லேடீஸ் சீட்டிலிருந்து இரவில் சேலம் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், ஆனால் நடந்து சம்பாதித்த காட்சி இல்லை. நடக்க முடியாத பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு அதுவே வரம், அவர்கள் தயங்காமல் ஏற்காடு போகலாம். வனத்துறை அனுமதியோடு போகிற காட்டுத் தடங்கள் ஏற்காட்டுப் பக்கமும் உண்டு. அவற்றில் நான் நடக்கவில்லை, அதனால் அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

ஏலகிரி சின்ன மலை. மேலே பதினான்கு கிராமங்கள், ஒரு புங்கனூர் ஏரி, பலாவும் கொய்யாவும் விளைகிற தோட்டங்கள். ஊட்டி, ஏற்காடு மாதிரி இல்லையே என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சின்ன அளவுதான் பிடித்தது. ஏரிக்கரைக்குப் பக்கத்தில் அறை எடுக்காமல், மங்கலம் கிராமத்துக்குப் போகும் சாலையில் எடுத்தோம். சுவாமிமலைக்குப் பாதை மங்கலத்தில்தான் தொடங்குகிறது. அறையிலிருந்து அங்கே இருபது நிமிட நடை. யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆறரைக்கு அறைக் கதவைச் சாத்தினோம், ஏழு மணிக்கு வழிகாட்டி முன்னே போக ஏறிக்கொண்டிருந்தோம்.

சுவாமிமலை 1,338 மீட்டர். ஏற்கெனவே ஆயிரம் மீட்டருக்கு மேல் பேருந்து கொண்டுவந்து விட்டுவிடுவதால், காலால் ஏற வேண்டியது செஞ்சி ராஜகிரிக் கோட்டை உயரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். போக மூன்று கிலோமீட்டர் அளவு. பையன் தனியாக விட்டால் ஒரு மணி நேரத்தில் ஏறியிருப்பான், அக்காவோடு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. முதல் பாதி மரநிழலில் நல்ல மண் பாதை. பிறகு கல்லும் வேரும். கடைசிக் கால்மணி நேரம் பாறை. அந்த இடத்தில் அக்கா உட்கார்ந்துவிட்டாள். "தம்பி, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்றாள். வழிகாட்டி அவசரப்படுத்தவில்லை. பத்து நிமிடம் எல்லோரும் உட்கார்ந்தோம், கடலைமிட்டாய் சாப்பிட்டோம், அப்புறம் அவளே எழுந்தாள்.

மேலே நாங்கள் மட்டும்தான். வண்டி வர முடியாத உச்சி என்பதன் பொருள் அங்கேதான் முழுசாகப் புரிந்தது. கீழே ஜோலார்பேட்டை பக்கம் ரயில் பாதை நூல் மாதிரி கிடந்தது. கிழக்கே ஜவ்வாது மலைத்தொடர், வெயில் அதன் மேலிருந்து சாய்வாக வந்துகொண்டிருந்தது, ஒன்றன்பின் ஒன்றாக நான்கைந்து நீல வரிகள். பையன் இயற்பியல் படிக்கிறான். அந்தத் தொடரில்தான் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, 1986ல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது, 1977ல் யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்டறிந்ததில் காவலூருக்கும் பங்கு உண்டு என்று அக்காவுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். அவள் கேட்டுக்கொண்டே மலையைப் பார்த்தாள். முக்கால் மணி நேரம் அங்கே இருந்தோம். வேறு எங்கும் போக வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை.

இறக்கத்தைப் பற்றி எச்சரிக்கை தேவை. ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் முழங்காலைத் தாக்கும். சரளைக்கல்லில் சாதாரணச் செருப்பு வழுக்கும். அடிப்பக்கம் வரி தேயாத ஷூ வேண்டும், கையில் ஒரு கம்பு வேண்டும். அக்கா பக்கவாட்டில் காலை வைத்து, சின்னச் சின்ன அடியாக இறங்கினாள். போவதற்கு முன் இரண்டு ஞாயிறு செஞ்சிக்குப் போய் ராஜகிரியில் ஏறி இறங்கிப் பழகியது நிஜமாகவே உதவியது. வெயிலுக்கு முன்பே போய்விடுங்கள், அந்தப் பாறை சீக்கிரம் சுடும்.

சரி, கல்வராயன். அத்தானின் கட்சியை நான் தள்ளிவிடவில்லை. மூன்றிலும் காடு காடாகவே இருப்பது அங்கேதான். கூட்டம் குறைவு, கடுக்காய் மரங்களும் மலையாளி என்ற பழங்குடி மக்களின் ஊர்களும் உள்ள மலை. மேகம் அருவிப் பக்கம் நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் நான் அங்கே இருந்தது ஒரே ஒரு பகல், மழை முடிந்த மார்கழியில், உறவினர் ஜீப்பில். இரவு தங்கியதில்லை. தங்க இடம் தேடியபோது எங்கள் தேவைக்கேற்ற அறை பாதைப் பக்கமாக அமையவில்லை. பேருந்தும் நினைத்த நேரத்துக்கு இல்லை. சொந்த வண்டி உள்ளவர்களுக்கு, அங்கே தெரிந்தவர் வீடு உள்ளவர்களுக்கு என் கணக்கு அப்படியே மாறிவிடும். அவர்களுக்குக் கல்வராயன்தான் மூன்றிலும் சிறந்ததாக இருக்கக்கூடும். பேருந்தை நம்பி முதல்முறை போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஏலகிரி என்று முடிவு செய்தால் இரண்டு தேதிகளைப் பாருங்கள். ஒன்று, காட்டுத் தீக் காலம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அதற்குப் பிறகு விதிகள் இறுகின, 2024 அக்டோபரில் அரசு நாற்பது தடங்களை முறைப்படுத்தி இணையப் பதிவோடு திறந்தது. 2025ல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தடங்களை மூடினார்கள். அனுமதி இல்லாமல், வழிகாட்டி இல்லாமல், ஊர்ப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு ஏறிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எங்களுக்கு முன்னால் போன வழிகாட்டி ஒவ்வொரு திருப்பத்திலும் தலையை எண்ணினார். அது பெரிய நிம்மதி.

இன்னொன்று பௌர்ணமி. திருவண்ணாமலை வழியாகத்தான் போக வேண்டும் என்பதால், கிரிவல நாளில் மாட்டிக்கொண்டால் பேருந்தில் நிற்கக்கூட இடம் கிடைக்காது, ஊரைக் கடக்கவே நேரம் போகும். சனி, ஞாயிறில் பௌர்ணமி விழுந்தால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள்.

திரும்பும்போது பண்ருட்டியைத் தாண்டியதும் காற்றில் உப்பு வந்துவிட்டது. அக்கா தூங்கி எழுந்து முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றாள். பையன் இப்போதே டிசம்பருக்கு ஏற்காட்டுக் காட்டுத் தடங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். போய்வந்தால் நான் மேலே எழுதியதில் பாதியைத் திருத்த வேண்டியிருக்கலாம். அறையை மட்டும் பாதைக்குப் பக்கத்தில் எடுக்கச் சொல்லியிருக்கிறாள் அக்கா.