ஹப் பேரிங் போச்சு என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வைத்திருப்பவர்கள், முன் சக்கரத்தில் சத்தம் என்று ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பும் முன் இதை ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள். நான் நான்கு மாதம் அலைந்தேன். இரண்டு புது ஹப் (சக்கரத்தை மாட்டும் நடுப்பாகம், அது சுற்றுவதற்கான பேரிங்கும் அதிலேயே இருக்கும்), நான்கு புது டயர் வாங்கினேன். கடைசியில் கோளாறு இருந்தது விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாயில்.

முதலில் சத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். மேட்டில் ஏறும்போது, ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்தால், இடது முன் சக்கரத்தில் இருந்து கரகரவென்று வரும். ஓர் இரும்புச் சீப்பின் பற்கள் மேல் இன்னொரு இரும்புச் சீப்பை வைத்து இழுத்தால் எப்படி இருக்கும், அப்படி. காலை எடுத்தால் இரண்டு மூன்று விநாடியில் நின்றுவிடும். சமதளத்தில் சீராக ஓட்டினால் ஒன்றும் இருக்காது.

இதை அப்படியே ஒர்க்‌ஷாப்பில் சொன்னேன். வரவேற்பில் இருந்தவர் பாதி கேட்கும்போதே, "ஹப் பேரிங் சார், இந்த மாதிரி வண்டிக்கு இது சகஜம்" என்று எழுத ஆரம்பித்துவிட்டார். ஓட்டிப் பார்க்கவில்லை. வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, சக்கரத்தின் இரண்டு பக்கத்தையும் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டி, "பாருங்க, பிளே இருக்கு" என்றார்கள். எனக்கும் லேசாக ஆடின மாதிரிதான் தெரிந்தது. பக்கவாட்டில், அதாவது கடிகாரத்தின் 3, 9 இடங்களில் பிடித்து ஆட்டினால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட் தேய்ந்திருந்தாலும் ஆடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. 12, 6 இடங்களிலும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்ட வேண்டும். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் சஸ்பென்ஷனில் இருக்கும் பால் ஜாயிண்ட் பக்கம் பார்க்கலாம். ஒரு நிமிட வேலை. யாரும் செய்யவில்லை.

இடது ஹப் மாற்றினார்கள். பில் கட்டிவிட்டு வெளியே வந்து முதல் மேட்டிலேயே அதே கரகர. திரும்பிப் போனேன். "அப்போ வலது பக்கம் சார், சத்தம் சேஸிஸ் வழியா இந்தப் பக்கம் கேட்கும்" என்றார்கள். இதில் பாதி உண்மை இருப்பதுதான் கொடுமை. சத்தம் நிஜமாகவே இடம் மாறிக் கேட்கும். அதனால் நானும் சரி என்றேன். வலது ஹப்பும் புதிதானது. சத்தம் போகவில்லை. அடுத்து "டயர் கப்பிங்", அதாவது டயர் குழிகுழியாகத் தேய்ந்திருக்கிறது என்றார்கள். டயர் பாதிக்கு மேல் தேய்ந்துதான் இருந்தது, என்றைக்கு இருந்தாலும் மாற்ற வேண்டியதுதானே என்று அதற்கும் தலையாட்டினேன். ஆனால் டயர் சத்தம் என்றால் ரோடு மாறும்போது மாறும், மழமழப்பான ரோட்டில் குறையும், முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட்டால் சத்தமும் பின்னால் போகும். என் வண்டியில் இதில் எதுவுமே நடந்ததில்லை. அதைச் சொன்னபோது சிரித்தார்கள்.

எனக்கு முதலில் சந்தேகம் வந்தது சத்தத்தால் இல்லை, போல்ட்டால். இரண்டாவது ஹப் மாற்றிய அன்று பழைய பாகத்தைக் கொடுங்கள் என்று கேட்டேன். உள்ளே போன பையன் பத்து நிமிடம் கழித்து ஒரு ஹப்பைக் கொண்டுவந்து, கிரீஸோடு ஒரு அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், அதில் சக்கரம் மாட்டும் போல்ட் ஐந்து. என் வண்டிச் சக்கரத்தில் ஆறு. போன் செய்து கேட்டால், "ஸ்டோர்ல மாறியிருக்கும் சார், உங்களோடது ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு" என்றார்கள். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். டயருக்கும் பணம் கட்டிய பிறகுதான் புத்தி வந்தது. அதுவும், "முன் டிஃபரன்ஷியலைப் பிரிச்சுப் பார்க்கணும், வண்டியை ஒரு வாரம் விடுங்க" என்று அடுத்த குண்டைப் போட்ட பிறகு.

கூட வேலை பார்க்கும் ஓர் அண்ணன், பல வருடம் லாரி ஓட்டியவர், ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். மேட்டில் சத்தம் வந்தது.

"இப்ப காலை எடு."

எடுத்தேன். நின்றது.

"மறுபடி மிதி."

கரகர.

"பேரிங்குக்கு ஆக்சிலரேட்டர் எங்கப்பா தெரியும்? அதுக்குத் தெரிஞ்சது சக்கரம் சுத்துற வேகம் மட்டும்தான். நீ டூ வீல் டிரைவ்ல ஓட்டுற, இன்ஜின் பின் சக்கரத்தை மட்டும்தான் சுத்துது, முன் சக்கரம் சும்மா உருண்டு வருது."

நான்கு மாதமாக நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்த விஷயம்தான். கேட்டது அவர் ஒருவர்தான்.

பேரிங் போனால் வேறு மாதிரி இருக்கும். வேகம் கூடக் கூட ஊம் என்று ஒரு முனகல் ஏறும். நியூட்ரலில் விட்டாலும் வேகம் குறையும் வரை தொடரும். காலியான ரோட்டில் ஸ்டீயரிங்கை லேசாக இடது பக்கம் வளைத்தால் பாரம் வலது சக்கரத்துக்குப் போகும். அப்போது முனகல் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங். ஜாக்கி போட்டு, காயில் ஸ்பிரிங் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால், போன பேரிங்கின் நறநறப்பு கைக்குத் தெரியும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது மட்டும் டக்டக் என்றால் சி.வி. ஜாயிண்ட், அதாவது சக்கரத்தைச் சுற்றும் ஷாஃப்ட்டின் மூட்டு. பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் ஒரு சின்னக் கல் மாட்டிக்கொண்டாலும் போதும், வண்டியே உடைந்துவிட்ட மாதிரி கத்தும்.

என் வண்டியில் இருப்பது வேக்கும் ஹப், அதாவது இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுப்பால் (அதுதான் வேக்கும்) வேலை செய்வது. ஃபோர் வீலில் ஓடும்போது ஹப்பையும், இன்ஜின் சக்தியைக் கொண்டுவரும் டிரைவ் ஷாஃப்ட்டையும் பல் வைத்த ஒரு வளையம் சேர்க்கிறது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அந்த வளையத்தைத் தள்ளிப் பூட்டப் பார்க்கும். இன்ஜினில் இருந்து வரும் வேக்கும் அதைப் பின்னால் இழுத்து வைத்திருக்கும். ஆக, டூ வீலில் ஓடும் நேரம் முழுவதும் வேக்கும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். (எல்லா வண்டியும் இப்படி இல்லை. சிலவற்றில் நேர் எதிர், வேக்கும் வந்தால்தான் பூட்டும்.) பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் வேக்கும் விழுந்துவிடும். அந்த நேரத்தைச் சமாளிக்கத்தான், இருக்கும் வேக்கும் போய்விடாமல் பிடித்து வைக்கும் ஒருவழி வால்வான செக் வால்வு. வழியில் எங்காவது ஒழுகினால், மேட்டில் வேக்கும் தீர்ந்துபோய் வளையம் பாதி நகரும், பல்லோடு பல் உரசும். அதுதான் என் கரகர.

அண்ணன் சொன்னபடி ஒரு சரளை ரோட்டில், நேராகப் போகும்போது, நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் ஹைக்கு மாற்றி மேட்டில் ஏற்றினேன். வளையம் முழுக்கப் பூட்டிக்கொண்டது, சத்தமே இல்லை. (காய்ந்த தார் ரோட்டில் இதைச் செய்து திருப்பிப் பார்க்காதீர்கள், டிரைவ்லைன் முறுக்கிக்கொள்ளும்.) அப்புறம் அளவு முள் வைத்த வேக்கும் கைப்பம்பு ஒன்று இரவல் வாங்கி, ஹப்புக்குப் போகும் குழாய்களில் ஒவ்வொன்றாக 20 இன்ச் (பாதரச அளவு) வேக்கும் ஏற்றிப் பார்த்தோம். இரண்டு ஹப்பிலும் முள் அசையவில்லை. செக் வால்வுக்குப் பக்கத்தில் இருந்த வளைந்த ரப்பர் துண்டில் வைத்ததும் முள் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. மடக்கிப் பார்த்தால், வளைவின் உள்பக்கம் நகத்தால் கீறின மாதிரி ஒரு வெடிப்பு. இன்ஜின் சூட்டில் காய்ந்து கல்லாகிவிட்டிருந்தது. மாற்றினோம், முடிந்தது.

முடிந்தது என்று சொன்னாலும் முழுக்க முடியவில்லை. நான்கு மாதம் உரசியதில் இடது பக்க வளையத்தின் பல் முனைகள் மழுங்கிவிட்டன, புது ஹப்பின் பல்லும் கொஞ்சம் போயிருக்கிறது. வளையம் இருக்கும் அந்த யூனிட்டை மாற்றியாக வேண்டும். அவர்கள் வேலை சுத்தமும் இல்லை: ஏபிஎஸ் சென்சார் ஒயரைக் கிளிப்பில் மாட்டாமலே விட்டிருந்தார்கள், டயரில் உரசி மேலுறை தேய்ந்திருந்தது. ஹப்பின் நடு நட்டை அளவு பார்க்காமல் இம்பாக்ட் கன் என்ற மெஷினால் இறுக்கியதை நானே நின்று பார்த்தேன். அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

எனவே நீங்கள் போனால், பில் போடும் முன் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து, சத்தம் வரும் இடத்துக்கே ஓட்டிக்காட்டுங்கள். வர மாட்டேன் என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பழைய பாகத்தை வண்டியில் இருந்து கழற்றும்போதே கேளுங்கள், பிறகு கேட்டால் எனக்கு வந்த மாதிரி வரும்.

வெடித்த குழாயை எடுத்துக்கொண்டு அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆனா பேரிங்கும் எப்படியும் போயிருக்கும் சார்" என்றார்கள். பணம் திரும்ப வரவில்லை. எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். ஐந்து போல்ட் ஹப் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. சுற்றிப் பார்த்தேன், ஒரு நறநறப்பும் இல்லாமல் சுற்றுகிறது. எந்த வண்டியில் இருந்து கழற்றினார்களோ.